வேலையை விட்டு மாணவரான பேராசிரியர்

அண்ணல் டாக்டர் அம்பேத்கரின் வாழ்வில் மகாட் குளமும், வட்டமேசை மாநாடும், அரசியல் சட்டமும், நாகபுரித் தீட்சையும் நம் மேடைகள்தோறும் பேசப்படுகின்றன. 1920-ஆம் ஆண்டில் அவர் செய்த ஒரு காரியத்தை எடுத்துப் பேசுவோர் குறைவு. அவ்வாண்டு, தம் இருபத்தொன்பதாம் வயதில், மனைவியும் மகனும் உள்ள குடும்பத் தலைவராகிய அவர், மாதம் ரூ. 450 ஊதியம் தந்த பேராசிரியர் பதவியை விட்டு நீங்கி, மீண்டும் மாணவராகக் கப்பலேறினார். வேலையில் அமர்ந்த பின் பல்கலைக் கழகத்திற்கு விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா என்று தயங்கியபடி நம்மிடம் வரும் இளைஞர் பலர். அவர்கள் பொருட்டே இக்கதையைச் சற்று விரித்து எழுதத் துணிந்தோம்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ என்னும் இராணுவ முகாமூரில் பிறந்தார். தந்தை ராம்ஜி, படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பரோடா மன்னர் சாயாஜிராவ் அளித்த மாதம் ரூ. 25 உதவித் தொகையில் படித்துப் பி.ஏ. தேறினார். 1913-இல் அம்மன்னரின் பொருளுதவியோடு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகம் சேர்ந்தார். 1915-இல் எம்.ஏ. முடிந்தது. 1916-இல் இலண்டன் பொருளாதாரக் கல்லூரியிலும், பாரிஸ்டர் படிப்புக்காகக் கிரேஸ் இன்னிலும் ஒருசேரப் பதிவு செய்துகொண்டார். ஓராண்டு நிறைவதற்குள் உதவித் தொகையின் காலம் முடிந்துவிட்டது. 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்ற அனுமதி ஒன்றுதான் கையில் இருந்தது.

அந்த நான்கு ஆண்டுக் கெடுவை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். இக்கதையின் அச்சாணி அதுவே.

பரோடாவில் அவர் பட்ட இழிவு பலரும் அறிந்தது. உதவித் தொகைக்கு ஈடாக அங்கே பணிபுரியச் சென்றவருக்கு ஊரில் தங்க இடமில்லை. பார்சி விடுதியொன்றில் தங்கியிருந்தவரைத் தடியேந்திய கூட்டம் வெளியேற்றியது. பம்பாய் மீண்டு, மாணவர்க்குத் தனிப்பாடம் சொன்னார். பங்கு வணிகத்தில் ஆலோசனை கூறும் தொழிலொன்றும் தொடங்கினார். ஆலோசனை கூறுபவர் இன்ன சாதியினர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர் வருவது நின்றது. அமெரிக்கப் பட்டமும் அதற்கு மருந்தாகவில்லை.

இந்நிலையில்தான் 1918 நவம்பரில் சைடன்ஹாம் வணிகக் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர் பதவி கிடைத்தது. ரூ. 25-இல் பி.ஏ. படித்தவருக்கு ரூ. 450 என்றால் பதினெட்டு மடங்கு. ஆசிரியர்களுக்கென்று வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை அவர் தொடுவதை உடனிருந்த சில பேராசிரியர்கள் எதிர்த்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் மாணவர்கள் அவர் வகுப்பை விரும்பினர். வேறு கல்லூரி மாணவரும் வந்து கேட்டதாகச் சொல்வர். நம்மில் ஒருவருக்கு அத்தகைய பதவி வாய்த்தால் உற்றார் என்ன சொல்வர்? அரசாங்க உத்தியோகம் வந்துவிட்டது, இனிப் படிப்பு எதற்கு என்பர். நாமும் அவ்வாறே சொல்லியிருப்போம்.

அண்ணல் அப்பதவியை வேறு கண்கொண்டு பார்த்தார். இலண்டன் செல்லும் பணத்தைச் சேர்க்கும் வழியாகவே அதனைக் கொண்டார். பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் சால் குடியிருப்பில் இரண்டே அறைகளில் குடித்தனம் நடந்தது. பேராசிரியர் ஆனபின்னும் அவர் அவ்விடத்தை விட்டு மாறவில்லை. வீட்டுச் செலவுக்கு ஓர் அளவு வகுத்துக் கொடுத்துவிட்டு எஞ்சியதைச் சேமித்தார். அன்னை இரமாபாய் அந்த அளவுக்குள் வீட்டை நடத்தினார். அண்ணலின் சிக்கனத்தை வியப்போர் அடுப்படியில் அதனைச் செய்து காட்டிய கைகளையும் நினைக்க வேண்டும்.

தடை பணம் மட்டுமன்று. 1920 சனவரி 31-ஆம் நாள்தான் கோல்ஹாப்பூர் மன்னர் சாகு மகாராசரின் உதவியோடு ‘மூக்நாயக்’ இதழ் தொடங்கியிருந்தது. அரசுக் கல்லூரியில் பணியாற்றியதால் ஆசிரியர் என்று தம் பெயரைப் போட்டுக்கொள்ள இயலாமல் பின்னின்று எழுதினார். மார்ச்சு மாதம் மாண்காவ் மாநாடு. மே மாதம் நாகபுரி மாநாடு. மக்கள் அவரைத் தலைவராக ஏற்கத் தொடங்கிய நேரம். அந்நேரத்தில் ஊரை விட்டுப் போவதா? படிப்பு சொந்த நலம், பொதுப்பணி மக்கள் நலம் என்று பிரித்துப் பார்ப்போர்க்கு இது சுயநலமாகவும் தோன்றியிருக்கக் கூடும். அவர் போன பின் அவ்விதழ் தளர்ந்து, 1923-இல் நின்றே போயிற்று. அது ஓர் இழப்புதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் மறுபக்கம் கெடு நெருங்கிக் கொண்டிருந்தது. 1921 கடந்தால் இலண்டன் கதவு சாத்தப்படும். பாதியில் நின்ற பாரிஸ்டர் படிப்பு முடிந்தால், எந்த எசமானரின் தயவையும் நாடாமல் வழக்குரைத்துப் பிழைக்கலாம். பரோடாவின் அனுபவத்திற்குப் பின் அச்சுதந்திரத்தின் அருமையை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திராது என்றே கருதுகிறோம். 1920 மார்ச்சில் பதவியை விட்டார். சேமிப்பு போதவில்லை. பார்சி நண்பர் நவல் பதேனாவிடம் ரூ. 5,000 கடன் பெற்றார்; சாகு மகாராசர் ரூ. 1,500 உதவினார். சூலையில் கப்பல் புறப்பட்டது.

இலண்டன் வாழ்க்கை வசதியானதன்று. விடுதியில் காலையில் கிடைத்தது சிறிது ரொட்டியும் ஒரு கோப்பைத் தேநீரும் போன்ற எளிய உணவு. பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் திறக்கும்போது உள்ளே நுழைந்தவர் அது மூடும்போதே வெளியே வந்தார். இரவில் பசித்தால், உடன் கொண்டுபோன அப்பளத்தைச் சுட்டுத் தின்று மேலும் படித்தார். 1921-இல் எம்.எஸ்ஸி. பட்டம், 1922-இல் பாரிஸ்டர். அதே 1922 மே மாதத்தில் சாகு மகாராசர் காலமானார். கைகொடுத்தவருள் ஒருவர் மறைந்த செய்தி அன்னிய மண்ணில் அவரை அடைந்தது.

டி.எஸ்ஸி. பட்டத்திற்கு அவர் எடுத்த பொருள் ரூபாயின் பிரச்சினை. இந்திய நாணயத்தை வெள்ளியிலிருந்து தங்கத்தின் மதிப்போடு அரசு இணைத்த முறையை ஆராய்ந்து, பேரறிஞர் கெயின்ஸின் கருத்தோடும் மாறுபட்டு எழுதினார். 1922 அக்டோபரில் ஆய்வேட்டைக் கொடுத்தார். தேர்வாளர்கள் திருத்தி எழுதித் தருமாறு திருப்பிவிட்டனர். கையில் காசு இல்லை. பட்டம் பெறாமலேயே 1923 ஏப்ரலில் பம்பாய் வந்து சேர்ந்தார்.

இவ்விடத்தில் ஊர்வாய் என்ன பேசியிருக்கும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. இருந்த வேலையும் போயிற்று, கடனும் ஏறிற்று, பட்டமும் வரவில்லை. அவரோ ஆய்வேட்டைப் பம்பாயில் இருந்தபடியே திருத்தி எழுதி ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் பட்டம் கிடைத்தது. அடுத்த மாதமே பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையோடு நூலும் இலண்டனில் வெளிவந்தது. கொலம்பியாவின் பிஎச்.டி. இன்னும் தாமதம். ஆய்வேட்டை அச்சிட்டுப் படிகளைக் கொடுத்தால்தான் பட்டம் என்பது அங்குள்ள விதி. 1925-இல் அதனை நூலாக்கி, 1927-இல் முறைப்படி பட்டம் பெற்றபோது அவர் வழக்கறிஞர், பம்பாய்ச் சட்டமன்ற உறுப்பினர், வயது முப்பத்தாறு.

நிற்க. இதைப் படிக்கும் தம்பிமார் நாளையே வேலையை விட்டுவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அண்ணல் முதலில் பதினாறு மாதம் சேமித்தார், கெடுவைக் கணக்கிட்டார், கடன் தருவார் எவர் என்று அறிந்திருந்தார். இன்று அஞ்சல்வழியாகவும் தொலைநிலைக் கல்வியாகவும் வேலையை விடாமலே படிக்க வழியுண்டு. ‘அவர் மேதை, நம்மால் ஆகுமா’ என்று சிலர் ஒதுங்குகின்றனர். சம்பளத்தில் ஒரு பகுதியை எடுத்து வைப்பதற்கும், திருப்பி வந்த தாளை மறுபடி எழுதி அனுப்புவதற்கும் மேதைமை தேவையா என்பதே நம் கேள்வி. தங்கைமாருக்கும் இதுவே பொருந்தும். அவர்கள் படிக்கையில் வீட்டைத் தாங்க வேண்டியவர் வீட்டிலுள்ள ஆண்கள்.

அக்காலத்துத் துன்பத்தின் பெரும்பங்கை ஏற்றவர் அன்னை இரமாபாய். வறுமைக்கு நடுவே ஈன்ற மக்களில் நால்வரைச் சிறு வயதிலேயே இழந்தார். எஞ்சியவர் யசுவந்த் ஒருவரே. 1935 மே 27-ஆம் நாள் அன்னையும் மறைந்தார்.

1945-இல் அண்ணல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு சூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி தொடங்கியது. பகலில் அலுவலகத்திலும் பிறவிடங்களிலும் வேலை செய்து பிழைப்போர் பணிக்குச் செல்லுமுன் வந்து படித்துவிட்டுப் போகும்படி, அங்கே வகுப்புகள் காலை வேளையில் நடந்தன.