மீனாம்பாள் சிவராஜ்: இருக்கைக்கு முன்பே எழுந்த குரல்

விருதுநகர் மாவட்டத்தில் இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும் அடுத்தடுத்த ஊர்கள். 2006 தேர்தல் வரை இராஜபாளையம் பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக இருந்தது. தொகுதி மறுவரையறைக்குப் பின் 2011 முதல் திருவில்லிபுத்தூர் தனித்தொகுதியாயிற்று. 2016இல் அங்கிருந்து சந்திரபிரபா என்ற பெண் சட்டமன்றம் சென்றார். இதை இன்று நாம் ஒரு தேர்தல் செய்தியாகப் படித்துக் கடந்துவிடுகிறோம். ஆனால் தலித் பெண்ணுக்கு அரசியலில் இடமுண்டு என்பதே ஏற்கப்படாத காலத்தில் மேடையேறியவர் ஒருவர் உண்டு. அவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ்.

மீனாம்பாள் 1904இல் இரங்கூனில் பிறந்தார். பாட்டனார் மதுரைப் பிள்ளை அந்நகரில் பெயர்பெற்ற வணிகர். தமிழ்ப் புலவர்களை ஆதரித்த வள்ளல். தந்தை வாசுதேவப் பிள்ளை சென்னை மாநகராட்சியில் உறுப்பினராக இருந்தவர். இளம் வயதிலேயே ந. சிவராஜை மணந்து சென்னை வாழ்வில் கலந்தார் மீனாம்பாள். செல்வமும் கல்வியும் அரசியல் பின்புலமும் அவருக்குத் துணைநின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உழைக்கும் சேரிப் பெண்களுக்கு அன்று வாய்க்காதவை அவை. ஆயினும் அவ்வசதிகளைத் தம் குடும்பத்தின் உயர்வோடு நிறுத்திக்கொள்ளாமல் பொதுவாழ்வுக்கு அவர் கொண்டுவந்தார்.

1928இல் சைமன் குழுவைப் புறக்கணிக்குமாறு காங்கிரஸ் அறைகூவியது. ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கோ தங்கள் பிரதிநிதித்துவத்தை அரசிடம் நேரடியாகக் கேட்பதற்கான வாய்ப்பாக அக்குழு தோன்றியது. இளம் வயதிலேயே அக்குழுவை ஆதரித்து மேடையில் பேசினார் மீனாம்பாள். பெரும்பான்மையின் தேசியத்துக்கு எதிராக ஒரு தலித் பெண் நிற்பது அன்று எளிய செயலன்று. 1937இல் திருநெல்வேலி மாவட்ட ஆதிதிராவிடர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தென்மாவட்டங்களில் சாதி இறுக்கம் நிலவிய காலத்தில், ஆண்கள் திரண்ட அவையை ஒரு பெண் நடத்தினார்.

1938 நவம்பரில் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. ஈ.வெ.ராவைப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் எனத் தீர்மானித்த மாநாடு அது. அதன் முன்னணியில் நின்றவர்களில் மீனாம்பாளும் ஒருவர். பெண்கள் அவையில் சாதியையும், சாதி ஒழிப்பு அவையில் பெண்களின் நிலையையும் அவர் நினைவூட்டினார்.

1942இல் நாகபுரியில் அகில இந்தியப் பட்டியல் சாதிகள் சம்மேளனம் உருவாகி, சிவராஜ் அதன் தலைவரானார். 1945 மே மாதம் பம்பாயில் கூடிய சம்மேளனத்தின் பெண்கள் மாநாட்டுக்கு மீனாம்பாள் தலைமை வகித்தார். அம்பேத்கர் அவரை உடன்பிறந்தவராகவே மதித்தார். சென்னை மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி, சென்னைப் பல்கலைக்கழக செனட் உறுப்பினர் எனப் பல பொறுப்புகளையும் அவர் வகித்தார். கணவர் தலைவரானதால் மனைவிக்குக் கிடைத்த இடமென்று இதைச் சுருக்க முடியாது; சம்மேளனம் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் மேடையேறிவிட்டார்.

1946 தேர்தலில் சம்மேளனம் பெருந்தோல்வி கண்டது. 1932 பூனா ஒப்பந்தத்தின் கூட்டுத்தொகுதி முறையில் தனித்தொகுதியின் வெற்றியையும் பிற சாதியினரின் வாக்குகளே தீர்மானித்தன. சமூகம் விரும்பும் வேட்பாளர் வேறு, வெல்லும் வேட்பாளர் வேறு என்ற நிலையை அம்பேத்கர் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். அந்த முறையே இன்றும் நீடிக்கிறது.

மீனாம்பாள் 1992இல் மறைந்தார். அதற்கு அடுத்த ஆண்டு 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஊராட்சிகளில் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் இடஒதுக்கீடு கிடைத்தது. ஆனால் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளிலும், இதே விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலிலும் தலித் ஒருவர் தலைவராவதை ஆதிக்க சாதியினர் பத்தாண்டுகள் தடுத்தனர். 2006இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. ஆணுக்கே நாற்காலி மறுக்கப்படும் மண்ணில் தலித் பெண்ணுக்கு எத்தனை தடைகள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2016இல் உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு சட்டமாக்கியது. 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்குகிறது. பட்டியல் சாதித் தொகுதிகளிலும் அதே பங்கு உண்டு. எனவே இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களிலிருந்து இன்னும் பல பெண்கள் அவைக்குச் செல்வார்கள். அவர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள், கையெழுத்து யாருடையது, தீண்டாமை வன்கொடுமை நிகழும்போது கட்சியின் கட்டளையை மீறிப் பேச அவர்களால் இயலுமா என்பவையே நம் கேள்விகள்.

மீனாம்பாள் முதலில் குரலோடு வந்தார். பதவிகள் பின்னர் வந்தன. இன்று பதவி முதலில் வருகிறது. குரலையும் உடன் கொண்டுசெல்லும் பெண்களை இயக்கங்களில் வளர்த்தெடுப்பது நம் கடமை.