ஆபீஸ் நேரம் போக ஆராய்ச்சி

சர் சி. வி. ராமனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை 1906-ல் லண்டன் 'பிலசாபிகல் மேகசின்' பத்திரிகையில் வெளிவந்தபோது அவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர், வயது 18.

1907-ல் நிதி இலாகா உத்தியோகம் அவரைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சேர்த்தது. பகலெல்லாம் கணக்குப் புத்தகம். ஆபீசுக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் பௌபஜார் தெரு விஞ்ஞானக் கழகத்தில் சோதனைகள். ரங்கூன், நாகபுரி என்று மாற்றல் உத்தரவு விரட்டியும் ஆராய்ச்சி நிற்கவில்லை. வயலின், மிருதங்கம், கடலின் நீலம் என எதையும் தம் துறையல்ல என்று அவர் ஒதுக்கியதில்லை. 1917-ல் சம்பளம் குறையும் என்று தெரிந்தே பேராசிரியர் ஆனார்.

1928-ல் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்து கண்டதுதான் 'ராமன் விளைவு'. பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் சிறிதளவு நிறம் மாறுகிறது. அந்த மாற்றம் உள்ளிருக்கும் மூலக்கூறைக் காட்டிக் கொடுத்துவிடும். ஏழே ஆண்டுகளில் இதைப் பற்றி 700-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் வெளிவந்தன. ரசாயன நிபுணர்கள் இதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்கள். 1930-ல் நோபல் பரிசு. 1960-ல் லேசர் வந்தபின் மருந்துத் தொழிற்சாலை, சுங்கச் சோதனை வரை அது புகுந்துவிட்டது.

1933-ல் பெங்களூர் வந்தவர் வைரத்தையும் பூக்களின் நிறத்தையும் ஆராய்ந்தபடியே இருந்து, 1970-ல் அங்கேயே காலமானார். 1988-ல் அவருடைய கட்டுரைகளைத் தொகுத்தபோது ஆறு தொகுதிகள் ஆயின.