கேம் பாய் தந்த குன்பெய் யோகோய்: கேமை விற்பது கதையா, கருவியா?

சிவகிரியில் பஸ் ஏறி சங்கரன்கோவிலில் இறங்குவதற்குள் பக்கத்து சீட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். யாராவது ஒருவர் மொபைலில் கேம் ஆடிக்கொண்டிருப்பார். போரடிக்கும் பயணத்தில் கையில் ஒரு விளையாட்டு இருந்தால் நல்லா இருக்குமே என்று 1970-களின் கடைசியில் ஒருவர் யோசித்தார். ஊர் ஜப்பான், வாகனம் ரயில். அவர் பெயர் குன்பெய் யோகோய்.

நிண்டெண்டோவின் கேம் பாய் கருவியை உருவாக்கிய குழுவின் தலைவர் அவர். கேம் உலகில் இன்றுவரை ஓயாத ஒரு விவாதத்துக்கும் அவர் வாழ்க்கையில் விடை இருக்கிறது. ஃபைனல் ஃபேன்டஸி, டிராகன் குவெஸ்ட், போகிமான் போன்ற ஜப்பானிய ரோல் பிளேயிங் கேம்கள் கோடிக்கணக்கில் விற்பதற்கு அந்தக் கதைகள்தான் காரணமா, அவை எந்தக் கருவியில் வருகின்றன என்பதா?

சீட்டுக்கட்டு ஆலையில் ஒரு இன்ஜினீயர்

யோகோய் 1941 செப்டம்பர் 10-ம் தேதி கியோட்டோவில் பிறந்தார். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். 1965-ல் நிண்டெண்டோவில் வேலை கிடைத்தது. அப்போது அது கேம் கம்பெனி கிடையாது. 1889-ல் தொடங்கி, ஹனஃபுடா எனும் பூப்படம் போட்ட சீட்டுகளைத் தயாரித்து விற்ற கம்பெனி. சீட்டு அச்சடிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் யோகோயின் வேலை.

வேலை குறைவு, நேரம் நிறைய. சும்மா இருக்க முடியாமல், குறுக்குச் சட்டங்களை இணைத்து, பிடியை அழுத்தினால் நீண்டு போய் பொருளைப் பிடிக்கும் ஒரு பொம்மைக் கையைச் செய்து வைத்திருந்தார். ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளி ஹிரோஷி யமவுச்சியின் கண்ணில் அது பட்டுவிட்டது. திட்டு விழும் என்று நினைத்தவருக்கு, இதையே விற்பனைக்கு ஏற்ற பொம்மையாகச் செய் என்ற உத்தரவு வந்தது. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் கடைக்கு வந்து, 10 லட்சத்துக்கும் மேல் விற்றது. பராமரிப்பு ஊழியர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனது இப்படித்தான்.

ரயிலில் கிடைத்த ஐடியா

1970-களின் இறுதியில், ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு ஆபீஸ் ஊழியர் போரடித்துப்போய் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். பெரியவர்களும் வெட்கப்படாமல் உள்ளங்கையில் மறைத்து ஆடக்கூடிய சின்ன விளையாட்டுக் கருவி ஒன்று வந்தால் எப்படி இருக்கும்?

அப்போது ஜப்பானில் கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் கடும் போட்டி. அதனால் எல்சிடி திரைகளின் விலை மளமளவென்று இறங்கியிருந்தது. அந்த மலிவான திரையை வைத்து 1980-ல் 'கேம் அண்ட் வாட்ச்' வந்தது. விளையாட்டோடு கடிகாரமும் உண்டு. அந்த வரிசை உலகம் முழுவதும் 4.34 கோடி விற்றது. 1982-ல் அதே வரிசையில் வந்த 'டாங்கி காங்' கருவிக்காக யோகோய் அமைத்த சிலுவை வடிவ பட்டன்தான், இன்றைய கேம் கன்ட்ரோலர்களின் இடது பக்கத்தில் இருக்கும் திசை பட்டனுக்கு முன்னோடி.

இந்த அனுபவத்திலிருந்து யோகோய்க்கு ஒரு கொள்கை உருவானது. புத்தம் புதிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓட வேண்டாம். நன்றாகப் பழகி, விலை குறைந்து, குறைகள் எல்லாம் தெரிந்துபோன பழைய தொழில்நுட்பத்தை யாரும் நினைக்காத இடத்தில் பயன்படுத்து. நம்ம ஊரில் பழைய டிவிஎஸ் 50-ல் மளிகைக்கடையே நடத்துகிறார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி யோசனை.

நாலு நிறச்சாயல், நாலு பேட்டரி

1989 ஏப்ரல் 21-ம் தேதி கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். பச்சை கலந்த திரையில் நான்கே சாயல்கள். கலர் கிடையாது, திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அதே ஆண்டு அடாரி லிங்க்ஸ், அடுத்த ஆண்டு சேகா கேம் கியர் என்று கலர் திரையோடு போட்டியாளர்கள் வந்தார்கள். பார்க்க அவைதான் அழகு. ஆனால் கேம் கியருக்கு ஆறு பேட்டரி போட்டாலும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கேம் பாய் நாலு பேட்டரியில் 15 மணி நேரத்துக்கு மேல் ஓடும். விலையும் குறைவு. போட்டியில் ஜெயித்தது கேம் பாய்.

ரோல் பிளேயிங் கேம் இங்கேதான் கதைக்குள் வருகிறது. வீரன் ஒருவனின் பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகப் போய், சண்டையிட்டு, பலம் சேர்த்து, நீண்ட கதையை முடிப்பதுதான் இந்த வகை. அந்தக் காலத்து ஜப்பானிய கேம்களில் சண்டை பெரும்பாலும் தாயம் மாதிரி முறை வைத்து நடக்கும். நீங்கள் ஒரு அடி, எதிரி ஒரு அடி. வேகம் தேவையில்லை, அழகான கிராஃபிக்ஸும் கட்டாயம் இல்லை. விட்ட இடத்திலிருந்து நாளைக்கும் தொடரலாம்.

சின்ன திரைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதை ஸ்குவேர் நிறுவனத்தின் அகிடோஷி கவாஸு புரிந்துகொண்டார். 1989 டிசம்பரில் அவர் உருவாக்கிய 'சாகா', கேம் பாயின் முதல் ரோல் பிளேயிங் கேம். ஸ்குவேரின் வரலாற்றிலேயே 10 லட்சத்தைத் தாண்டிய முதல் கேமும் அதுதான். அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற ஃபைனல் ஃபேன்டஸி வரிசையில் அதற்குள் இரண்டு பாகங்கள் வந்திருந்தன. பெரிய டிவி கருவியில் வந்த அவை தொடாத எண்ணிக்கையை, நாலு சாயல் திரை தொட்டது. அமெரிக்காவில் இதே கேம், ஃபைனல் ஃபேன்டஸி பெயரை ஒட்டவைத்து விற்கப்பட்டது.

சறுக்கிய சிவப்புத் திரை

யோகோய்க்கும் அடி விழுந்தது. 1995 ஜூலையில் அவருடைய 'வர்ச்சுவல் பாய்' வந்தது. மேஜையில் நிறுத்தி, கண்ணைப் பதித்துப் பார்க்கும் முப்பரிமாணக் கருவி. விலையையும் மின்சாரச் செலவையும் குறைக்க சிவப்பு எல்இடி மட்டுமே பயன்படுத்தினார்கள். திரை முழுக்கக் கருப்பும் சிவப்பும்தான். கண் வலி, தலைவலி என்று புகார்கள் வந்தன. பையில் போட்டுக்கொண்டு போகவும் முடியாது. குடும்பத்தோடு டிவியில் பார்க்கவும் முடியாது.

விற்றது மொத்தம் சுமார் 7.7 லட்சம். வெளிவந்த கேம்கள் வெறும் 22. ஃபைனல் ஃபேன்டஸி, டிராகன் குவெஸ்ட் எதுவும் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. கேம் இல்லாததால் ஆட்கள் வாங்கவில்லை. ஆட்கள் வாங்காததால் கேம் வரவில்லை. கருவி வியாபாரத்தில் இந்தச் சுழலில் மாட்டினால் வெளியே வருவது ரொம்பக் கஷ்டம்.

1996: இரண்டு முடிவுகள்

அதற்கு அடுத்த ஆண்டு, இரண்டு பெரிய ரோல் பிளேயிங் கேம்கள் எதிரெதிர் திசையில் போயின.

முதலாவது போகிமான். சடோஷி தாஜிரி சிறுவயதில் பூச்சி பிடித்து விளையாடியவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்ததும், அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவது போல அவருக்குத் தோன்றியது. அதுவே கேமாக வளர ஆறு ஆண்டுகள் ஆயின. 1996 பிப்ரவரி 27-ம் தேதி வெளியானபோது கேம் பாய்க்கு ஏழு வயது. அதன் காலம் முடிந்துவிட்டது என்று பலரும் கணக்கை மூடத் தொடங்கிய நேரம். ஆனால், ஏற்கெனவே கோடிக்கணக்கான சிறுவர்களின் கையில் இருந்த கருவி அது. பள்ளிக்கூட வாசலில் கேபிள் மாட்டி போகிமானைப் பரிமாறிக்கொள்ள, வேறு எந்தக் கருவியும் அன்று உதவியிருக்காது. முதல் தலைமுறை போகிமான் கேம்களில் ரெட், கிரீன், ப்ளூ மட்டும் உலக அளவில் 3 கோடிக்கும் மேல் விற்றன. கேம் பாய்க்கும் மறுவாழ்வு கிடைத்தது. கேம் பாயும் அதன் கலர் வடிவமும் சேர்ந்து, கடைசியில் கிட்டத்தட்ட 11.87 கோடி விற்றன.

இரண்டாவது ஃபைனல் ஃபேன்டஸி 7. முதல் ஆறு பாகங்களும் நிண்டெண்டோ கருவிகளில்தான் வந்தன. நிண்டெண்டோவின் புதிய கருவியான நிண்டெண்டோ 64, கேம்களை கார்ட்ரிட்ஜில் தர வேண்டும் என்றது. அதில் அதிகபட்சம் 64 எம்பிதான் அடங்கும். தயாரிப்புச் செலவும் அதிகம். சோனி பிளேஸ்டேஷனின் சிடியில் அதைப்போலப் பத்து மடங்கு இடம், விலையும் மலிவு. சினிமா போன்ற காட்சிகளோடு கதை சொல்ல நினைத்த ஸ்குவேர், 1996 ஜனவரியில் சோனி பக்கம் போவதாக அறிவித்தது.

1997 ஜனவரி 31-ம் தேதி மூன்று சிடிகளில் வந்த அந்த கேம், ஜப்பானில் மூன்றே நாளில் 20 லட்சத்தைத் தாண்டியது. அதுவரை ஜப்பானுக்கு வெளியே சின்ன கூட்டம் மட்டுமே ரசித்த இந்த வகை, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செம ஹிட் ஆனது. அதே மாதம் டிராகன் குவெஸ்ட் 7-ம் பிளேஸ்டேஷனில் வரும் என்று எனிக்ஸ் அறிவித்தது. முடிவில் பிளேஸ்டேஷன் 10.2 கோடி விற்றது. நிண்டெண்டோ 64 சுமார் 3.29 கோடியில் நின்றது.

ஒன்று பழைய, எளிய கருவியில் ஜெயித்தது. இன்னொன்று புதிய, பெரிய கருவியில் ஜெயித்தது. அப்படியென்றால் யோகோயின் கொள்கை சரியா, தப்பா? கேம் எதைக் கேட்கிறதோ, அதைக் கருவி தர முடிகிறதா என்பதுதான் கேள்வி. போகிமானுக்குத் தேவை பாக்கெட்டும் கேபிளும். ஃபைனல் ஃபேன்டஸி 7-க்குத் தேவை இடம்.

பாதியில் நின்ற பயணம்

1996 ஆகஸ்டில், 31 ஆண்டு வேலையை விட்டு யோகோய் வெளியேறினார். வர்ச்சுவல் பாய் தோல்விதான் காரணம் என்று பேச்சு அடிபட்டது. ஆனால், 50 வயதுக்கு மேல் தனியாகத் தொழில் செய்யும் எண்ணம் தனக்கு முன்பே இருந்ததாக அவர் விளக்கியிருக்கிறார். கியோட்டோவில் 'கோட்டோ' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பண்டாய் நிறுவனத்துக்காக, கேம் பாய்க்கே போட்டியாக ஒரு கையடக்கக் கருவியை வடிவமைக்கும் வேலையில் இறங்கினார்.

அந்த வேலையை முடிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. 1997 அக்டோபர் 4-ம் தேதி, இஷிகாவா மாகாணத்தின் ஹோகுரிகு அதிவேக நெடுஞ்சாலையில் அவர் பயணம் செய்த கார் முன்னால் சென்ற லாரியில் லேசாக மோதியது. சேதத்தைப் பார்க்க இறங்கியவர் மீது, பின்னால் வந்த வேறொரு கார் மோதியது. அவருக்கு வயது 56. அவர் கருவியில் பிறந்த போகிமான் ஜப்பானைத் தாண்டி அமெரிக்கா போனது 1998-ல். அதை அவர் பார்க்கவில்லை.

அவர் விட்டுச்சென்ற கருவி 'வொண்டர்ஸ்வான்' என்ற பெயரில் 1999 மார்ச்சில் வந்தது. விலை 4,800 யென். ஒரே ஒரு பேட்டரி போதும். யோகோயின் முத்திரை அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. கூடவே வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு அவர் நினைவாக 'குன்பே' என்று பெயர் வைத்தார்கள்.

சோனி பக்கம் போன ஸ்குவேர், 1996-க்குப் பிறகு சுமார் ஆறு ஆண்டுகள் நிண்டெண்டோ கருவிகளில் கேம் எதுவும் தரவில்லை. அதன் பழைய கேம்களைக் கையடக்கக் கருவிக்குக் கொண்டுவர வழியாக அமைந்தது வொண்டர்ஸ்வான். 2000 டிசம்பர் 9-ம் தேதி கலர் வடிவம் வந்த அன்றே, புதுப்பித்த ஃபைனல் ஃபேன்டஸி முதல் பாகமும் வந்தது. பிறகு இரண்டாம், நான்காம் பாகங்களும் வந்தன. ஆனாலும் வொண்டர்ஸ்வான் வரிசை மொத்தம் 35 லட்சம் அளவில்தான் விற்றது. 2001-ல் வந்த நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் 8 கோடியைத் தாண்டியது. கொஞ்ச நாளில் ஸ்குவேரும் நிண்டெண்டோவிடம் திரும்பிவிட்டது. நல்ல கேம் இருந்தாலும், கருவி போதுமான கைகளில் இல்லையென்றால் விற்பனைக்கு ஒரு எல்லை உண்டு.

இன்றைக்கு என்ன பாடம்?

2009-ல் டிராகன் குவெஸ்ட் 9 வரும்போது, அதிக சக்தி கொண்ட டிவி கருவிகளை விட்டுவிட்டு, ஜப்பானில் கையடக்க நிண்டெண்டோ டிஎஸ்-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கு மட்டும் 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. யோகோய் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கணக்குதான் வேலை செய்தது: ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ, கேமும் அங்கே போக வேண்டும்.

சிவகிரி மாதிரியான ஊர்களுக்கு இந்த ஜப்பானியக் கதைகள் 90-களில் வந்து சேரவே இல்லை. வந்தது, செங்கல் அடுக்கும் கையடக்க பிரிக் கேமும், டிவியில் மாட்டி ஆடும் மலிவான நகல் கருவிகளும்தான். கதை பிடிக்காமல் யாரும் ஒதுக்கவில்லை. அதைத் தாங்கிவர ஒரு கருவி இல்லை, அவ்வளவுதான். இன்று பழைய ஃபைனல் ஃபேன்டஸி பாகங்கள் மொபைலிலேயே கிடைக்கின்றன. கேமுக்காக என்று வாங்காத, ஏற்கெனவே பையில் கிடக்கிற கருவியில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி அவற்றை ஆடலாம். கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்த அந்த ரயில் பயணியைப் பார்த்து யோகோய் யோசித்ததும் இதைத்தான்.