வகுப்பறையில் அனைவருக்கும் இடம் வேண்டிய இராஜபாளையத்து முதல்வர்

 

கல்வி ஒரு சாராருக்கு மட்டும் உரியதன்று; ஆண், பெண் அனைவர் மீதும் கடமை என்பது நம் மார்க்கத்தின் போதனை. அந்தக் கல்விச் சாலையின் வாசல் எல்லாச் சமூகத்தாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை வழக்காடிய ஓர் அரசின் தலைவர் நம் இராஜபாளையத்தைச் சேர்ந்தவர் என்பதை நம் இளைஞர்களில் பலர் அறியார். அவரே பி. எஸ். குமாரசாமி ராஜா.

1898ஆம் ஆண்டு இராஜபாளையத்தில், இல்லத்தில் தெலுங்கு பேசும் ராஜூக்கள் சமூகத்தில் அவர் பிறந்தார். பிறந்த சில நாட்களிலேயே தாயையும், சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையையும் இழந்தார். பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். எத்தீம்களின் நிலை எத்தகையது என்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் இளமைப் பருவத்தின் வாயிலாக அறிந்திருக்கும் நமக்கு, அந்தக் குழந்தையின் நிலையை விளக்கத் தேவையில்லை.

இளமையில் காந்தியடிகளின் வழியை ஏற்று விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றார். 1946இல் பிரகாசம் அமைச்சரவையில் அமைச்சரானார். 1949 ஏப்ரலில் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பின் சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பை ஏற்றார். 1950 ஜனவரி 26இல் நாடு குடியரசானபோது அப்பதவி முதலமைச்சர் என்னும் பெயரைப் பெற்றது.

அப்போது அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் வகுப்புவாரி ஆணையின்படி மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டிருந்தது. மாநிலத்தின் நான்கு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து அன்றிருந்த இடங்கள் 330 மட்டுமே. மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்த வீட்டுப் பிள்ளைகளோடு, எழுத்தறியாத பெற்றோரின் பிள்ளை எவ்வாறு போட்டியிட இயலும் என்பதே அந்த ஆணையின் பின்னிருந்த வினா.

புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தவுடன், செண்பகம் துரைராஜன் என்னும் பெண்மணியும் ஸ்ரீனிவாசன் என்னும் மாணவரும் இந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். சாதியையும் மதத்தையும் காரணமாக்கி ஒருவருக்குக் கல்லூரி வாசலை மூடலாகாது என்பது அவர்கள் வாதம். அதனையும் எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1950 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. குமாரசாமி ராஜாவின் அரசு அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. 1951 ஏப்ரல் 9ஆம் நாள் அங்கும் தோற்றது. அரசுப் பணிகளில் ஒதுக்கீட்டிற்கு இடமளித்த அரசியல் சட்டம், கல்விக்கு அவ்வாறு ஏதும் கூறவில்லை என்பதை நீதிபதிகள் சுட்டிக்காட்டினர்.

எனினும் அந்தத் தோல்வியே ஒரு வாசலைத் திறந்தது. பெரியார் உள்ளிட்டோர் தலைமையில் தமிழகம் கொந்தளித்தது. 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, 15ஆம் பிரிவில் நான்காம் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பிற்பட்டோருக்கும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுகளுக்கு அது வழிவகுத்தது. இன்று நாடெங்கும் உள்ள கல்வி ஒதுக்கீட்டிற்கு அடித்தளமான அந்தத் திருத்தத்திற்குச் சென்னை மாநிலத்தின் இவ்வழக்கு முக்கியக் காரணமாயிற்று என்பது குறிப்பிடத்தக்கது.

அடுத்த ஆண்டு நடந்த பொதுத்தேர்தலில் அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில் தோல்வியுற்றார். 1954 முதல் 1956 வரை ஒரிசாவின் ஆளுநராகப் பணியாற்றினார். தாம் வாழ்ந்த இல்லத்தையே காந்தி கலை மன்றத்திற்கு வழங்கிவிட்டு, 1957 மார்ச்சில் மறைந்தார்.

சகோதரர்களே! 14இல் ஒன்றாக நமக்கிருந்த தனி இடம் அந்தத் தீர்ப்போடு போயிற்று. 2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அளித்தது. ஆனால் இடம் இருந்து என்ன பயன்? பத்தாம் வகுப்போடு நம் மகன் பட்டறைக்குச் சென்றுவிட்டால், நம் மகள் வீட்டோடு நிறுத்தப்பட்டுவிட்டால், அந்த இடத்தில் அமர்வது யார்?

மற்றொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். காது சரிவரக் கேளாத சிறுவன் ஒருவன் நம் மக்தபுக்கு வந்தபோது, பாடம் ஏறவில்லை என்று கடைசி வரிசையில் அமர்த்தினோம். சில மாதங்களில் அவன் வருவதை நிறுத்திக்கொண்டான். முன்வரிசையில் நம் முகம் பார்த்து அமரச் செய்திருந்தால் அவனும் ஓதியிருப்பான். அரசு நமக்கு அநீதி செய்கிறது என்று பேசும் நாம், நம் கையிலிருந்த ஒரு பாயில் ஒரு குழந்தைக்கு உரிய இடத்தைத் தரத் தவறினோம்.

ஆகவே இவ்வாண்டு ஒவ்வொரு மஹல்லாவாசியும் தம் தெருவில் பள்ளிக்குச் செல்லாத பிள்ளை யார் என்று கணக்கெடுத்து, அதன் பெயரை நிர்வாகத்திடம் தருமாறு வேண்டுகிறோம். வல்ல அல்லாஹ் நம் முயற்சியைப் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.