எளியோர்க்கு அறிவியல் உரைத்த ஃபாரடே

மின்காந்தத் தூண்டலை 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே என்பதை இயற்பியல் பாடம் நமக்குக் கற்பித்திருக்கிறது. அப்பாடத்தில் இடம்பெறாத மற்றொரு ஃபாரடேயும் உண்டு. தாம் கண்டதை அறியாதார்க்கு விளங்கச் சொல்லும் கலையை, கைத்தொழில் பயில்வார் போல ஆண்டுக்கணக்கில் முயன்று பயின்றவர் அவர்.

இலண்டனுக்குத் தெற்கே நியூயிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் 1791 செப்டம்பர் 22 அன்று அவர் பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்றமையால் வீட்டில் வறுமை நீங்கவில்லை. எழுதவும் படிக்கவும் கணக்கிடவும் கற்றதோடு ஃபாரடேயின் பள்ளிக்கல்வி முடிந்தது. 13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் ஏவல் வேலைக்குச் சேர்ந்து, வீடுவீடாகச் செய்தித்தாள் கொண்டுசென்று கொடுத்தார். மறு ஆண்டு அங்கேயே நூல் கட்டும் தொழிலில் 7 ஆண்டுக்காலப் பயிற்சியாளர் ஆனார்.

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் அம்மையார் வேதியியல் பற்றி எழுதிய உரையாடல் நூல். இராயல் நிறுவனத்தில் ஹம்ப்ரி டேவி ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்ட அம்மையார், முதலில் தமக்கு விளங்காதவற்றைப் பின்னர் உரையாடி உணர்ந்து, அதே முறையில் ஓர் ஆசிரியையும் இரு மாணவியரும் பேசுவதாக அந்நூலை அமைத்தார். பெண்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட அந்நூல் நூல் கட்டும் சிறுவன் ஒருவனையும் சென்றடைந்தது. நூலில் கண்டவற்றை ஃபாரடே தம் கைக்கெட்டிய சிறு கருவிகளால் செய்து பார்த்து, உண்மையென உறுதிகொண்ட பின்னரே நம்பினார்.

அக்காலத்தில் அறிவியல் கூடங்களின் கதவுகள் பொருள் படைத்தோர்க்கே எளிதில் திறந்தன. ஜான் டேட்டம் என்பவர் இல்லத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். கொல்லராகிய தமையன் ராபர்ட் அதைக் கொடுத்துதவினார். 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் நுழைவுச்சீட்டுகள் அளித்தமையால் டேவியின் உரைகள் நான்கினைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. கேட்டவற்றைப் படங்களுடன் விரித்தெழுதி, தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் இராயல் நிறுவன ஆய்வகத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. வாரம் 25 ஷில்லிங் ஊதியம்; தங்குவதற்கு மாடியில் இரண்டு அறைகள்.

கருவிகளை எடுத்து வைப்பதும் துலக்குவதும் பிறர் உரையாற்றும்போது துணைநிற்பதும் அவர் வேலை. ஆயினும் அவர் கண்கள் கருவிகளோடு நின்றுவிடவில்லை. பேசுவோரையும் கேட்போரையும் உற்று நோக்கினார். அவ்வாண்டே நண்பர் பெஞ்சமின் ஆபட்டுக்கு எழுதிய மடல்களில், சொற்பொழிவு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை வரைந்தார். அரங்கிற்குக் காற்றோட்டம் வேண்டும், உரை ஒரு மணி நேரத்தைக் கடத்தல் கூடாது, சொற்கள் விரைந்தோடலாகாது, கைதட்டலை எதிர்நோக்கிப் பேசலாகாது. இவற்றை எழுதியபோது அவருக்கு வயது 21. மேடையேறி ஓர் உரையும் ஆற்றியதில்லை!

1816இல் நகரத் தத்துவக் கழகத்தில் முதல் உரையை நிகழ்த்தினார். தம் குறைகள் அவருக்குத் தெரிந்தே இருந்தன. 1818இல் பெஞ்சமின் ஸ்மார்ட் என்னும் பேச்சுக்கலை ஆசிரியரின் வகுப்பிற் சேர்ந்து பல பக்கங்களுக்குக் குறிப்பெடுத்தார். எட்வர்ட் மாக்ராத் என்னும் நண்பரை அவையில் அமர்த்தித் தம் உச்சரிப்பிலும் நடையிலும் உள்ள பிழைகளைக் குறிக்கச் செய்தார். மெதுவாகப் பேசுமாறும் நேரத்தைக் கருதுமாறும் நினைவூட்டும் அட்டைகள் உரையின்போது அவர் கண்ணெதிரே வைக்கப்பட்டன. பிற்காலத்தில் அவர் உரை இயல்பாகப் பெருகியது எனக் கேட்டோர் வியந்தனர். அவ்வியல்பு எத்துணை உழைப்பால் வந்தது என்பதை அவர்கள் அறிந்திலர்.

சொல்லாக்கத்திலும் அவர் அதே அக்கறை காட்டினார். மின்னாற்பகுத்தலை விளக்கப் பழைய சொற்கள் பிறழ்பொருள் தருவதை உணர்ந்து, 1834இல் வில்லியம் ஹியூவெல் என்னும் அறிஞரைக் கலந்து புதுச்சொற்களை ஏற்றார். நாம் இன்று நேர்மின்வாய், எதிர்மின்வாய், அயனி என வழங்குவன அவற்றின் தமிழ் வடிவங்களே.

இராயல் நிறுவனத்தில் வெள்ளி மாலை உரைகளும் சிறுவர்க்கான கிறித்துமசு உரைகளும் 1825ஐ ஒட்டித் தொடங்கின. கிறித்துமசு உரைத்தொடர்களுள் 19 தொடர்களை 1827 முதல் 1860 வரை ஃபாரடேயே நிகழ்த்தினார். 1855 இறுதியில் நிகழ்ந்த தொடரைக் கேட்க அரசியின் கணவர் ஆல்பர்ட் தம் மைந்தருடன் வந்தமர்ந்தார்.

அரங்கிற்கு வெளியிலும் அவர் பேசினார். 1853இல், ஆவிகளின் ஆற்றலால் மேசை நகர்கிறது என்னும் நம்பிக்கை இலண்டனெங்கும் பரவியிருந்தது. ஃபாரடே உருளைகள் பொருத்திய சிறு பலகையையும் அசைவு காட்டும் முள்ளையும் அமைத்தார். மேசையைத் தள்ளியவை அமர்ந்தோரின் கைகளே என்பதை அது காட்டிக்கொடுத்தது. முள்ளைக் கண்டவாறே அவர்கள் அமர்ந்தபோது மேசை நகரவில்லை. அம்முடிவை நாளிதழுக்கு எழுதினார். அதனால் ஏமாற்றமுற்றோர் பலர்.

1855 சூலையில் தேம்ஸ் ஆற்றில் படகிற் சென்றவர், அதன் கழிவுநாற்றம் பொறாமல் வெள்ளை அட்டையைக் கிழித்து நனைத்து, படகு நின்ற துறைதோறும் நீரிலிட்டார். நல்ல வெயிலிலும், ஓர் அங்குலம் அமிழுமுன்னரே அத்துண்டுகள் கண்ணுக்கு மறைந்தன. வேதியியல் அறிஞர் நீரைப் பகுத்து எண்களை அடுக்கியிருக்கலாம். அவரோ எவரும் செய்து பார்க்கத்தக்க இச்சோதனையை நாளிதழ் வாயிலாக நாட்டின்முன் வைத்தார். மூக்கைப் பொத்தியவாறு ஆற்றுக் கிழவனிடம் அவர் அட்டை நீட்டுவதாகப் பஞ்ச் இதழ் கேலிச்சித்திரம் வெளியிட்டது. அரசு உடனே அசையவில்லை. 1858 கோடையில் அந்நாற்றம் நாடாளுமன்றத்தினுள்ளேயே புகுந்த பின்னர்தான் கழிவுநீர்க் கால்வாய்கள் அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அவருடைய உரைகளுள் பெரும்புகழ் பெற்றது மெழுகுவர்த்தியைப் பற்றியது. ஏழை வீட்டிலும் உள்ள அப்பொருளை அவர் பொருளாகத் தேர்ந்தது தற்செயலன்று. சுடரின் நடுவிலுள்ள கருமையான பகுதியிலிருந்து கண்ணாடிக்குழாய் வழியே ஆவியை வெளிக்கொணர்ந்து, குழாயின் மறுமுனையில் அதைக் கொளுத்திக் காட்டினார். எரியும் சுடரிலிருந்து நீர்த்துளிகள் உண்டாவதைக் குளிர்ந்த கலத்தின்மேல் காண வைத்தார். சுடர் எரிவதும் நாம் மூச்சுவிடுவதும் ஒத்த செயல்களே என்பதில் முடித்தார். 1848இல் இதை உரைத்தார். அதன் குறிப்புகளை நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பின்னர்க் கேட்டுப் பெற்றுத் தம் வார இதழில் கட்டுரையாக வெளியிட்டார்.

1860இன் கிறித்துமசு விடுமுறையில் அதே மெழுகுவர்த்தியைச் சிறுவர்முன் மீண்டும் ஏற்றினார். அப்போது வயது 69. நினைவாற்றல் வெகுவாகக் குன்றியிருந்தது. அவ்வுரைகளை வில்லியம் குரூக்ஸ் பதிப்பித்து 1861இல் நூலாக்கினார். சிறுவர்க்கென அவர் நிகழ்த்திய இறுதித் தொடர் அதுவே. வீரத்திருத்தகைப் பட்டத்தையும் இராயல் கழகத் தலைமையையும் மறுத்த அவர், 1867 ஆகத்து 25 அன்று இயற்கை எய்தினார். ஹைகேட் இடுகாட்டில் எளிய கல் ஒன்றின்கீழ் அடக்கம் செய்யப்பட்டார்.