படுத்த வார்டை எழுப்பிய டாக்டர்: யார் இந்த மார்ஜரி வாரன்?

காய்ச்சல்னு அட்மிட் ஆன அப்பாரு பத்து நாளில் குணமாகி வீடு திரும்புகிறார். ஆனால், பாத்ரூம் போகக்கூட ஆள் துணை தேவைப்படுகிறது. திருப்பூர் மாதிரி ஊரில் இதற்கு என்ன அர்த்தம்? வீட்டில் ஒருத்தர் பனியன் கம்பெனி வேலையை விட்டு நிற்க வேண்டும். பெரும்பாலும் அது மருமகள்தான். யாருக்கு இப்படி ஆகும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா? அதற்கு வழி திறந்தவர்களில் முக்கியமானவர், லண்டன் டாக்டர் மார்ஜரி வாரன்.

1897-ல் பிறந்தவர். 1926-ல் லண்டனின் ஐல்வொர்த் பகுதி மருத்துவமனையில் சேர்ந்தார். ஆரம்பத்தில் ஆர்வமெல்லாம் சர்ஜரியில்தான். 1935-ல் அந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்தில் இருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகளையும் ஏற்றது. 700 பேருக்கும் மேல். பலர் வருஷக்கணக்கில் படுத்த படுக்கை. வயசாச்சு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று கைவிடப்பட்டவர்கள்.

வாரன் அவர்களை ஒவ்வொருவராகப் பரிசோதித்தார். எழுந்து நடமாடுபவர் யார், படுக்கையில் இருந்தாலும் சிறுநீரை அடக்க முடிபவர் யார், முடியாதவர் யார், மனக்குழப்பம் உள்ளவர் யார் எனப் பிரித்தார். என்ன நோய் என்பதோடு, இவரால் என்ன செய்ய முடிகிறது என்பதும் கணக்கில் வந்தது. இன்றைக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு அது பெரிய திருப்பம். வார்டுக்குப் புது பெயின்ட், நல்ல வெளிச்சம், பிடித்து நடக்கக் கைப்பிடிகள் வந்தன. பக்கவாதம் வந்தவர்கள், கால் இழந்தவர்கள்கூட எழுந்து நடந்தார்கள். கணிசமானவர்கள் வீட்டுக்கே போனார்கள்.

முதியோருக்குத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும் என்று 1943-லும் 1946-லும் மருத்துவ இதழ்களில் எழுதினார். 1960-ல் வெளிநாட்டில் கார் விபத்தில் இறந்தார்.

மூன்று வருஷம் கழித்து, அமெரிக்காவில் சிட்னி காட்ஸ் குழு ஒரு அளவுகோலை வெளியிட்டது. குளியல், உடை, கழிப்பறை, எழுந்து நகர்தல், சிறுநீர் மலக் கட்டுப்பாடு, சாப்பாடு என ஆறு விஷயம். பெரும்பாலும் தானாகக் குளிப்பதுதான் முதலில் போகும், சாப்பிடுவது கடைசியில். இப்போதைய கணிப்பு முறைகள் இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கின்றன: வயசு, ஞாபகசக்தி, அட்மிட் ஆவதற்கு முன்பு கடைகண்ணிக்குப் போய் வந்தாரா, பணத்தைச் சரியாக எண்ணினாரா.

இந்தியாவில் முதியோர் மருத்துவத்துக்கான எம்.டி. படிப்பு 1996-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில்தான் முதலில் தொடங்கியது. அந்தத் துறை இல்லாத ஆஸ்பத்திரியிலும் அட்மிஷன் அன்றே வீட்டார் ஒன்றைச் சொல்லிவிடலாம்: இரண்டு வாரம் முன்பு வரை அப்பாரு தானாகச் செய்துகொண்டது என்னென்ன. அதோடு, எப்போதிலிருந்து நடக்கவிடலாம் என்றும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.