யாரும் பார்க்காத ஓர் அடி



நீங்கள் டிவியில் கோல்ப் பார்த்திருக்கிறீர்களா? கிரிக்கெட்டை விட்டுவிட்டு அதை யார் பார்ப்பார்கள் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் இருந்தேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தூக்கம் வராத ஓர் ஏப்ரல் இரவில் சானல்களை மாற்றிக்கொண்டே போனபோது, பச்சைப் பசேலென்று ஒரு தோட்டம் கண்ணில் பட்டது. ஓடை, அதன் மேல் சின்னப் பாலம், கரை முழுக்கப் பூச்செடிகள். அமெரிக்காவில் அப்போது பிற்பகல். நமக்கோ நடுநிசி தாண்டிவிட்டது. அன்று நான் பார்த்தது, ஜார்ஜியா மாநிலம் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டி.

கோல்ப் ஆட்டம் இதுதான்: சின்னப் பந்தை மட்டையால் அடித்து, வரிசையாக 18 குழிகளில் போட வேண்டும். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவருக்கே வெற்றி. ஆண்டுக்கு நான்கு பெரிய போட்டிகள் உண்டு. அவற்றை மேஜர் என்பார்கள். கொஞ்ச நாள் பார்த்துப் பழகிவிட்டால், பெயரைப் படிக்காமலே எது என்று சொல்லிவிடலாம். பூந்தோட்டம் போல இருந்தால் ஏப்ரலில் வரும் மாஸ்டர்ஸ். அது மட்டும்தான் ஆண்டுதோறும் ஒரே மைதானத்தில் நடக்கும். ஓரத்துப் புல் அடர்ந்து வளர்ந்து, பெரிய வீரர்களே பந்தைத் தேடித் திணறினால் ஜூன் மாத யு.எஸ். ஓபன். மரமே இல்லாத கடற்கரை மேடு, காற்று, சாரல், கழுத்து வரை சட்டை என்றால் ஜூலையில் பிரிட்டனில் நடக்கும் ஓபன். இதை நாம் மாலை நேரத்திலேயே பார்த்துவிடலாம். அதனாலேயே எனக்கு இது ரொம்பப் பிடிக்கும். மே மாதம் நடப்பது பி.ஜி.ஏ. போட்டி. விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் மட்டும் ஆடுவது.

இந்த நான்கில் ஒன்றைத் தொடங்கி வைத்தார் ஒருவர். இரண்டைப் பலமுறை வென்றார். மீதி ஒன்றில் ஒருமுறைகூட ஆடவே இல்லை! அவர்தான் பாபி ஜோன்ஸ்.

1902 மார்ச் 17 அன்று அட்லாண்டா நகரில் ஒரு வழக்கறிஞர் வீட்டில் பிறந்தான் பாபி. பிறந்ததிலிருந்தே நோஞ்சான் பிள்ளை. ஐந்து வயது வரை கெட்டியான உணவு எதையும் அவன் வயிறு ஏற்கவில்லை. நல்ல காற்று கிடைக்கட்டும் என்று, கோடைக்காலத்தில் ஊருக்கு வெளியே ஈஸ்ட் லேக் என்ற இடத்தில் பெற்றோர் குடியிருந்தனர். வீட்டருகே ஒரு கோல்ப் மைதானம். அங்கே ஸ்டூவர்ட் மெய்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் பயிற்சியாளராக இருந்தார். அவர் பின்னாலேயே சுற்றி, அவர் மட்டையைச் சுழற்றுவதைப் பார்த்துப் பார்த்து, அப்படியே செய்வான் பாபி. அவனுக்குக் கிடைத்த பாடம் அவ்வளவுதான்.

14 வயதில், 1916ல், அமெரிக்க அமெச்சூர் போட்டியில் பெரியவர்களோடு மோதினான். இரண்டு சுற்றுகளில் ஜெயித்து எல்லோரையும் வியக்க வைத்தான். ஆனால் ஒரு கெட்ட குணம் இருந்தது. கோபம்! அடி சரியாக விழாவிட்டால் மட்டையைத் தூக்கி எறிந்துவிடுவான். வளர்ந்த பிறகும் இது போகவில்லை. 1921ல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் ஓபன் போட்டி. 11ஆம் குழி அருகே மணல் பள்ளத்தில் பந்து மாட்டிக்கொண்டது. அடித்தார், வெளியே வரவில்லை. மறுபடி அடித்தார், வரவில்லை. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டியை விட்டே விலகிவிட்டார். கோல்ப் பிறந்த மண்ணில், அதைத் தெய்வமாக நினைக்கும் ஊரில் இப்படிச் செய்தால் யார் மெச்சுவார்கள்? அந்த அவமானம் அவரை வெகுநாள் உறுத்தியது.

கோபத்தை எப்படியோ அடக்கப் பழகினார். 1923ல் முதல் யு.எஸ். ஓபன் பட்டம் வந்தது. இதற்கிடையே பொறியியல் படித்தார். ஹார்வர்டில் ஆங்கில இலக்கியமும் படித்தார். பிறகு சட்டம் படித்து அப்பாவைப் போல வழக்கறிஞரும் ஆனார். (பரீட்சைக்கு முன் விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று நான் வகுப்பில் அடிக்கடி சொல்வேன். இவரைப் பற்றித் தெரிந்த பிறகு கொஞ்சம் யோசிக்கிறேன்!)

இப்போது 1925க்கு வருவோம். மாசசூசெட்ஸ் மாநிலம் வூஸ்டரில் யு.எஸ். ஓபன். முதல் சுற்றில் 11ஆம் குழி. பந்து ஒரு மேட்டில், புல்லுக்குள் கிடந்தது. அடிக்கத் தயாராகி மட்டையை அருகே வைத்தார். பந்து துளி அசைந்தது. விதிப்படி அதற்கு ஓர் அடி தண்டனை. அதிகாரிகள் பார்க்கவில்லை, கூட்டம் பார்க்கவில்லை. இன்றைக்குப் போலப் பெரிதாக்கிக் காட்டும் டிவி கேமராவும் கிடையாது. ஆனால் ஜோன்ஸ் தானே போய்ச் சொன்னார். அதிகாரிகள் மற்றவர்களை விசாரித்தார்கள். யாரும் எதையும் பார்க்கவில்லை. அப்படியும் அவர் விடவில்லை. தன் கணக்கில் ஓர் அடியைச் சேர்க்கச் சொன்னார்.

என்ன ஆயிற்று தெரியுமா? போட்டி முடிவில் அவரும் வில்லி மக்பார்லேனும் சமம். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் ஜோன்ஸ் அன்றே வென்றிருப்பார். மீண்டும் 18 குழிகள் ஆடினார்கள். மறுபடி சமம்! இன்னும் 18 குழிகள். கடைசியில் ஒரே ஓர் அடியில் ஜோன்ஸ் தோற்றார். அவருடைய நேர்மையை மற்றவர்கள் புகழ்ந்தபோது அவருக்கு எரிச்சல்தான் வந்தது. விதியை மீறாமல் ஆடுவதற்கு ஒரு பாராட்டா என்று நினைத்தார்.

1927ல் அதே செயின்ட் ஆண்ட்ரூசில் ஓபன் போட்டியை வென்றார். பந்தைத் தூக்கிக்கொண்டு போன அந்த இளைஞரை, ஊர் மக்கள் இப்போது தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். கோப்பையை அந்த ஊரிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார் ஜோன்ஸ்.

அந்தக் காலத்தில் நான்கு பெரிய போட்டிகள் வேறு. அமெரிக்காவின் ஓபன், அமெச்சூர் இரண்டும், பிரிட்டனின் ஓபன், அமெச்சூர் இரண்டும்தான் அவை. 1930ல் இந்த நான்கையும் ஒரே ஆண்டில் வென்றார் ஜோன்ஸ். அவருக்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. பின்பும் இல்லை. நியூயார்க் வீதிகளில் காகிதத் துணுக்குகளைத் தூவி ஊர்வலம் விட்டார்கள். ஆனால் பார்ப்பவர்களுக்குத்தான் அது கொண்டாட்டம். போட்டி நாட்களில் பதற்றத்தால் அவருக்குச் சாப்பாடே இறங்காது. ஒவ்வொரு பெரிய போட்டியிலும் உடல் இளைத்துவிடும். 28 வயதில், மொத்தம் 13 பெரிய பட்டங்களோடு, போட்டி ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டார். அதுவரை பரிசுப் பணம் என்று ஒரு காசு வாங்கியதில்லை. அமெச்சூராகவே இருந்ததால்தான் பி.ஜி.ஏ. போட்டியில் அவர் ஆடவில்லை.

பிறகு அகஸ்டாவில் பழைய நாற்றுப் பண்ணை ஒன்றை, கிளிபோர்ட் ராபர்ட்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து வாங்கினார். அலிஸ்டர் மெக்கன்சி என்ற நிபுணரும் ஜோன்சும் மைதானத்தை வடிவமைத்தார்கள். டிவியில் அத்தனை பூ தெரிவது ஏன் என்று இப்போது புரிகிறதா? ஒவ்வொரு குழிக்கும் ஒரு மரம் அல்லது செடியின் பெயர்தான்! 1934ல் முதல் போட்டி நடந்தது. மாஸ்டர்ஸ் என்ற பெயர் தற்பெருமையாக இருக்கிறதே என்று ஜோன்ஸ் முதலில் தயங்கினார். 1956ல் அது முதன்முதலாக டிவியில் வந்தது.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. இந்தப் போட்டியில் ஒரு கறுப்பின வீரர் முதன்முதலில் ஆடியது 1975ல்தான். அவர் பெயர் லீ எல்டர். பெண்களை அந்தக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்த்ததோ 2012ல். பந்து அசைந்ததையே மறைக்காதவர் இதை எப்படிப் பொறுத்துக்கொண்டார் என்று நீங்கள் கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

1948க்குப் பிறகு ஜோன்சால் விளையாட முடியவில்லை. முதுகுத்தண்டில் வந்த ஒரு நோய் கை கால்களைச் சிறிது சிறிதாக முடக்கியது. முதலில் கைத்தடி, பிறகு சக்கர நாற்காலி. புலம்பாமல் வேலையைப் பார்த்தார்.

1958ல் செயின்ட் ஆண்ட்ரூஸ் அவரை அழைத்துத் தன் ஊரின் கௌரவக் குடிமகனாக்கியது. அமெரிக்கர்களில் அவருக்கு முன் அந்த மரியாதை பெற்றவர் பெஞ்சமின் பிராங்ளின் மட்டுமே, அதுவும் 1759ல்! ஜோன்ஸ் மண்டபத்தை விட்டுப் புறப்பட்டபோது, திரும்பி வரச்சொல்லி அழைக்கும் பழைய ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றைக் கூட்டத்தினர் பாடினார்கள். பலர் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். அவரால் மறுபடி வர முடியவில்லை.

1971 டிசம்பர் 18 அன்று, 69 வயதில் அட்லாண்டாவில் காலமானார். செயின்ட் ஆண்ட்ரூசில் ஓபன் நடக்கும் ஆண்டில், டிவியில் 10ஆம் குழியைக் காட்டும்போது கவனியுங்கள். அதற்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் பாபி ஜோன்ஸ். அவர் கோபித்துக்கொண்டு பந்தை எடுத்துப் போனாரே, அந்த 11ஆம் குழி அதற்கு அடுத்ததுதான்.